ஹட்டனில் நான்கு ஞாயிறு: கட்டுரைக்குத் திட்டம் போடச் சொல்லித்தரும் வகுப்பு எப்படி இருந்தது?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தில் கலைப்பிரிவில் படிக்கிறீர்கள், ஒப்படைக் கட்டுரைகளுக்கு இரவு பகலாக உழைத்தும் 40, 45 புள்ளிக்கு மேல் ஏறவில்லை, ஏன் என்றும் விளங்கவில்லை என்றால் இந்த வகுப்புக்குக் கட்டாயம் போங்கள். ஹட்டன் நகரில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் நடக்கிறது. பெயர்ப்பலகை இல்லை, விளம்பரமும் இல்லை. பாடசாலையில் முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் நடத்துகிறார். நான்கு ஞாயிற்றுக்கிழமை, காலை 9 மணியில் இருந்து 12.30 வரை, மொத்தமாக 3000 ரூபாய். இடையில் வருகிற தேத்தண்ணியும் பிஸ்கட்டும் அதற்குள் அடக்கம். என் பெரியம்மா மகள் போய் வந்து சொன்னதால்தான் எனக்கே தெரியும். குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் பின்னால் சொல்கிறேன்.

நான் ஏன் போனேன் என்பதைச் சொல்லாமல் இது விளங்காது. இரண்டாம் வருடத்தில் பெருந்தோட்ட வரலாறு பற்றி 2000 சொல்லில் ஒரு கட்டுரை கேட்டார்கள். நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், அம்மா இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறார், இந்தத் தலைப்பில் எனக்குப் புள்ளி குறையும் என்று கனவிலும் நினைக்கவில்லை. நூலகத்தில் பதினொரு புத்தகம் எடுத்து வாசித்தேன். எழுதி முடித்தபோது 2600 சொல் வந்தது, வெட்ட மனம் வராமல் அப்படியே கொடுத்தேன். கிடைத்தது 43. ஓரத்தில் ஒரே ஒரு வரி: "தகவல் நிறைய இருக்கிறது, விடை எங்கே?" அந்த வரியை எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று கணக்கில்லை. விடை எங்கே என்று கேட்டால், எழுதியது எல்லாமே விடைதானே? அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன். விரிவுரையாளரிடம் போய்க் கேட்கத் துணிச்சல் வரவில்லை, கேட்ட ஓரிருவருக்கும் "இன்னும் ஆழமாக எழுதுங்கள்" என்பதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை.

உயர்தரத்தில் நாங்கள் படித்த முறை அப்படி. டியூஷனில் நோட்ஸ் தருவார்கள், பாடமாக்குவோம், கேள்வி எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் பாடமாக்கியதை அப்படியே இறக்குவோம். அந்த முறைதான் எங்களைக் கெம்பஸ் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டது, அதனால் அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வாசலுக்கு உள்ளே அது செல்லாது என்பதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சில பேர் இந்த இடத்தில் வேறு வழிக்குப் போகிறார்கள். காசு வாங்கிக்கொண்டு ஒப்படை எழுதிக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன, என் அறைத் தோழி ஒருத்தி 5000 ரூபாய் கொடுத்து எழுதுவித்தாள். பாதி இணையத்தில் இருந்து எடுத்தது என்று பிடிபட்டு மறுபடியும் எழுத வேண்டி வந்தது. அந்தக் காசு அவளுடைய அப்பா ஒரு மாதம் மேலதிக நேரம் வேலை செய்து அனுப்பியது.

சரி, வகுப்புக்கு வருகிறேன். முதல் ஞாயிறு பதினெட்டுப் பேர் இருந்தோம். பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு, சப்ரகமுவ என்று பல இடத்துப் பிள்ளைகள், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவர்கள். திறந்த பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆசிரியராக வேலை செய்கிற இரண்டு அண்ணன்மாரும் இருந்தார்கள். டீச்சர் வந்ததும் கட்டுரை என்றால் என்ன, அதன் உறுப்புகள் எவை என்று ஆரம்பிப்பார் என்று கொப்பியைத் திறந்து வைத்திருந்தேன். அவர் கரும்பலகையில் ஒரு கேள்வியை எழுதிவிட்டு உட்கார்ந்துவிட்டார்: "1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரின் குடியுரிமைப் பிரச்சினையை எந்தளவுக்குத் தீர்த்தது? மதிப்பிடுக." மலையகத் தமிழரில் யார் இந்தியாவுக்குப் போவது, யார் இங்கே குடியுரிமை பெறுவது என்று இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. தேத்தண்ணி வரும்வரைக்கும், அதாவது ஒன்றரை மணித்தியாலம், அந்த ஒரு கேள்வியை மட்டும் வாசித்தோம். சிலருக்குச் சலிப்பு வந்தது, எனக்கு வரவில்லை.

அவர் செய்தது இதுதான். கேள்வியில் இருக்கிற ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகப் பிடித்து, இந்தச் சொல் உங்களிடம் என்ன வேலை வாங்குகிறது என்று கேட்டார். "விபரிக்க" என்றால் நடந்ததைச் சொன்னால் போதும். "விளக்குக" என்றால் ஏன், எப்படி என்று காரணம் காட்ட வேண்டும். "ஒப்பிடுக" என்றால் இரண்டையும் ஒரே அளவுகோலில் வைக்க வேண்டும். "மதிப்பிடுக" என்று வந்துவிட்டால் தீர்ப்புச் சொல்லாமல் தப்ப முடியாது. அப்புறம் "எந்தளவுக்கு". இந்தச் சொல்லை நான் என் வாழ்க்கையில் ஒருநாளும் நின்று வாசித்ததில்லை. எந்தளவுக்கு என்று கேட்டால் அளவு சொல்ல வேண்டும், அளவு சொல்ல அளவுகோல் வேண்டும். எத்தனை பேருக்குக் குடியுரிமை கிடைத்தது என்பதை வைத்து அளப்பதா, எவ்வளவு காலத்தில் கிடைத்தது என்பதை வைத்தா, அந்த மக்களின் விருப்பம் கேட்கப்பட்டதா என்பதை வைத்தா? அளவுகோல் மாறினால் விடையும் மாறும். எந்த அளவுகோலை எடுக்கிறோம், ஏன் எடுக்கிறோம் என்பதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

என்னுடைய 43 புள்ளிக் கட்டுரையின் கேள்வி அந்த நேரம் ஞாபகத்துக்கு வந்தது. அதிலும் "எந்தளவுக்கு" இருந்தது.

அதற்குப் பிறகு தகவல்களைச் சேர்த்தோம், எல்லோருமாகச் சொல்லச் சொல்ல அவர் பலகையில் போட்டார். மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கிய 1948இன் குடியுரிமைச் சட்டம், அடுத்த வருடம் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான ஒப்பந்தம், அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது, அந்த மீதியை 1974இல் ஆளுக்குப் பாதியாக 75,000 என்று பிரித்தது, ஒப்பந்தம் 15 வருடத்தில் முடிய வேண்டியிருந்தும் முடியாமல் போனது, அந்த மக்களை இந்தியாவுக்கு ஏற்றிப் போன தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பல் 1984இல் நின்றது, 1988இலும் 2003இலும் நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க மறுபடியும் சட்டம் கொண்டுவந்தது. பலகை நிரம்பிவிட்டது. "இப்போது உங்களிடம் கட்டுரை இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்று பாதிப் பேர் சொன்னோம். "இல்லை பிள்ளைகள், இது சாமான் பட்டியல்" என்றார்.

கட்டுரை வருவது, இவ்வளவையும் பார்த்த பிறகு நீங்கள் என்ன முடிவுக்கு வருகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதும்போதுதான். அதை அவர் "தாய் வாக்கியம்" என்று சொன்னார். புத்தகத்தில் வேறு பெயர் இருக்கலாம், எனக்கு இந்தப் பெயரே போதும். அன்றைக்குக் கடைசியில் நாங்கள் சேர்ந்து செதுக்கிய தாய் வாக்கியம்: ஒப்பந்தம் மக்களை எண்ணிக்கையாகப் பிரித்ததே தவிரக் குடியுரிமையை அவர்களுடைய உரிமையாகப் பார்க்கவில்லை, அதனால் கணிசமானவர்களுக்கு வழி திறந்தும் பிரச்சினை இன்னும் நாற்பது வருடம் இழுபட்டது. இதை ஒருவர் மறுத்துப் பேசலாம். மறுத்துப் பேச முடிகிற வாக்கியமாக இருந்தால்தான் அது தாய் வாக்கியம் என்பது அவருடைய சோதனை. "சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மலையக வரலாற்றில் முக்கியமானது" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அதை யார் மறுப்பார்கள்? மறுக்க ஆளில்லாவிட்டால் வாதாட எதுவும் இல்லை.

இரண்டாவது ஞாயிறுதான் இந்த வகுப்பின் உயிர். காசில் பாதி அந்த ஒரு நாளுக்கே சரி என்பேன். பழைய கலண்டர் தாள்களைச் சீட்டுச் சீட்டாக வெட்டி ஆளுக்கு முப்பது கொடுத்தார். ஒரு சீட்டில் ஒரு விஷயம் மட்டும். தகவலோ, யாராவது சொன்ன கருத்தோ, உங்களுடைய யோசனையோ, எதுவானாலும் ஒன்றுதான். மூலையில் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று அப்போதே குறித்துவிட வேண்டும். பிறகு தேடினால் கிடைக்காது, நான் பட்டிருக்கிறேன். எழுதி முடித்ததும் மேசையில் பரப்பி, ஒன்றோடு ஒன்று சேருகிறவற்றைக் குவியலாக்கினோம். ஒவ்வொரு குவியலுக்கும் தலையில் ஒரு சீட்டு. அதில் வெறும் தலைப்புப் போடக் கூடாது, முழு வாக்கியம் போட வேண்டும். "1964 ஒப்பந்தம்" என்று போட்டால் அது பெட்டியின் மேல் ஒட்டிய லேபிள், உள்ளே எதையும் போடலாம். "ஒப்பந்தம் சம்பந்தப்பட்ட மக்களின் விருப்பத்தை விட எண்ணிக்கையை முன்னுக்கு வைத்தது" என்று போட்டால் அந்தப் பந்தியில் எது வரலாம், எது வரக் கூடாது என்பதை அந்த வாக்கியமே சொல்லிவிடும். அந்தத் தலைச் சீட்டுகளை வரிசையாக வைத்தால், அதுதான் திட்டம்.

இங்கேதான் எனக்கு மனம் நொந்தது, நல்ல விதமாக. என்னிடம் ஒரு சீட்டு இருந்தது: 1940 ஜனவரியில் முல்லோயா தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சூட்டில் இறந்த கோவிந்தன். எனக்கு அந்தப் பெயர் பெரிது. எந்தக் குவியலிலும் அது சேரவில்லை, நான் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் பக்கத்தில் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "கோவிந்தன் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வரவில்லை மகள். அவருக்கு ஒரு கட்டுரை தனியாக எழுது, இங்கே நுழைத்தால் அவருக்கும் மரியாதை இல்லை" என்றார். சீட்டை எடுத்துக் கொப்பிக்குள் வைத்தேன். என் முதல் கட்டுரையில் 600 சொல் ஏன் கூடியது என்பது அந்த நிமிஷம்தான் விளங்கியது. எனக்குப் பிடித்தது எல்லாவற்றையும் உள்ளே விட்டிருந்தேன்.

வரிசைப்படுத்துவதிலும் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் சீட்டுகளை ஆண்டு வரிசையில் அடுக்கினோம், 1948, 1949, 1964, 1974 என்று. அது கதை சொல்கிற வரிசை, பிழை இல்லை, ஆனால் மதிப்பிடச் சொன்ன கேள்விக்கு அது பலவீனம், ஏனென்றால் ஆண்டுகள்தான் கட்டுரையை இழுத்துக்கொண்டு போகும், உங்களுடைய வாதம் பின்னால் நடந்து வரும். அதே சீட்டுகளை அளவுகோல் வரிசையில் அடுக்கச் சொன்னார்: முதலில் எண்ணிக்கை, அப்புறம் காலம், அப்புறம் விருப்பம். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் ஆண்டுகள் வேண்டிய இடத்தில் வந்து போகும். பலவீனமானதில் தொடங்கிப் பலமானதில் முடிப்பது நல்லது என்றும் சொன்னார், அதற்கு எல்லோரும் உடன்பட வேண்டியதில்லை. எதிர்க்கருத்துக்கு ஒரு இடம் கட்டாயம் ஒதுக்க வேண்டும். அன்றைய நிலையில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் கிடைத்திருக்காது என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய பக்கத்தை நியாயமாக எழுதி, அதற்குப் பிறகு எங்கே ஒத்துப்போகிறோம், எங்கே பிரிகிறோம் என்று சொல்ல வேண்டும். கடைசிப் பந்தியில் ஒரு வரியாகச் செருகுவது எதிர்க்கருத்து ஆகாது.

அன்றைக்கு என்னுடைய பழைய கட்டுரையையும் எடுத்துப்போயிருந்தேன். அதில் "கோப்பிச் செடிக்கு நோய் வந்ததால் தேயிலை பயிரிடத் தொடங்கினார்கள்" என்று ஒரு வாக்கியம். சின்ன வயதில் இருந்து கேட்டு வந்தது, சந்தேகமே இல்லாமல் எழுதியிருந்தேன். டீச்சர் பென்சிலால் பக்கத்தில் இரண்டு ஆண்டுகளை எழுதினார், 1867, 1869. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தது 1867. கோப்பி இலைத் துரு நோய் இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்டது 1869. வேறெதுவும் சொல்லவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நோய் வருமுன்பே தேயிலை வந்துவிட்டது. அப்படியென்றால் "தொடங்கியதற்கு" நோய் காரணமில்லை, ஆனால் கோப்பி சரிந்து மலைநாடு முழுக்கத் தேயிலை "பரவியதற்கு" நோய் பெரிய காரணம். ஒரே ஒரு வினைச்சொல் மாறினால் முழு வாதமும் மாறுகிறது. புத்தகத்தில் இருப்பதை எடுத்து எழுதுவதற்கும் அதை வைத்து யோசிப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு யாராவது விளக்கிக் காட்டினார்கள் என்றால் அது இந்த இரண்டு ஆண்டுகள்தான்.

சொல் கணக்கும் போடக் கற்றுத்தந்தார். 2000 சொல் என்றால் முன்னுரைக்கு ஏறக்குறைய 200, முடிவுரைக்கு 200, மீதி 1600. ஒரு பந்தி 200 சொல் என்று வைத்தால் எட்டுப் பந்தி. எட்டே எட்டு. அப்படியென்றால் எட்டுத் தலைச் சீட்டுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. இது இரும்புச் சட்டம் இல்லை, கொஞ்சம் முன்பின் ஆகலாம், ஆனால் எழுதத் தொடங்குமுன்பே இடம் எவ்வளவு என்று தெரிந்தால் எதை விடுவது என்பது தானாகத் தெளிகிறது. பந்தியைப் பற்றிச் சொல்லும்போது கொழுந்து மலையில் இருந்து உதாரணம் எடுத்தார். நிரை பிடித்தவர் தன் நிரையை முடித்துவிட்டுத்தான் அடுத்ததில் கால் வைப்பார், பாதியில் தாண்டினால் இரண்டு நிரையிலும் கொழுந்து விட்டுப்போகும். பந்தியும் அப்படித்தான். முதல் வாக்கியத்தில் சொல்ல வருவதைச் சொல்லி, சான்றைக் காட்டி, அந்தச் சான்று எதைக் காட்டுகிறது என்று உங்கள் சொந்த வார்த்தையில் விளக்கி, கேள்வியோடு கொண்டுபோய் முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். நாங்கள் எல்லோரும் விட்டுவிடுகிற இடம் விளக்கம்தான். மேற்கோளைப் போட்டுவிட்டு அது தானே பேசும் என்று விட்டுவிடுகிறோம்.

மூன்றாவது ஞாயிறு ஜூன் மழை. தகரக் கூரை, டீச்சர் பேசுவது பின் வரிசைக்குக் கேட்கவே இல்லை, நான் கடைசியில் முன்னுக்குப் போய் வாங்கில் ஒடுங்கி உட்கார்ந்தேன். அன்றைக்கு எழுதி வந்த முதல் பிரதியைத் திருத்துவது. அவருடைய முறை எளிது. ஒவ்வொரு பந்தியின் முதல் வாக்கியத்தையும் மட்டும் ஒன்றன் பின் ஒன்றாகச் சத்தமாக வாசிக்க வேண்டும். அவை சேர்ந்து ஒரு வாதமாகக் கேட்டால் கட்டுரைக்கு எலும்பு இருக்கிறது. கேட்காவிட்டால் எந்த இடத்தில் துள்ளுகிறது என்று காதுக்கே தெரியும். என்னுடையது ஐந்தாவது பந்தியில் துள்ளியது. பந்திகளை இடம் மாற்றினேன், ஒன்றை எடுத்துவிட்டேன், சரியாக வந்தது. முன்னுரையை அதற்குப் பிறகுதான் எழுதச் சொன்னார். எங்கே போய்ச் சேர்ந்தோம் என்று தெரிந்த பிறகு வழி சொல்வது சுலபம். "ஆதிகாலம் தொட்டு" என்று தொடங்கிய முன்னுரைகள் அன்றைக்கு ஐந்தாறு வெட்டுப்பட்டன.

இந்த இடத்தில் ஆங்கில மொழிமூலத்தில் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்களில் ஆறேழு பேர் உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டுக் கெம்பஸில் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள். அவர்களிடம் டீச்சர் திட்டத்தை, அதாவது தாய் வாக்கியத்தையும் தலைச் சீட்டுகளையும், முழுக்கத் தமிழில் போடச் சொன்னார். ஆங்கிலத்தில் யோசிக்கப் போனால் தெரிந்த சொற்கள் எவையோ அவற்றுக்குள் யோசனையும் சுருங்கிவிடுகிறது, தமிழில் யோசித்து முடித்த பிறகு ஆங்கிலத்தில் எழுதினால் இலக்கணப் பிழை வந்தாலும் வாதம் நிற்கும். வெலிமடைப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி, முதல் வாரம் வாயே திறக்காதவள், மூன்றாவது வாரம் தன்னுடைய திட்டத்தைத் தமிழில் எழுந்து நின்று விளக்கினாள். அவ்வளவு தெளிவாக அந்த அறையில் வேறு யாரும் பேசவில்லை. மொழி தெரியாததை மூளை இல்லாதது என்று எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது குறைகள். பதினெட்டுப் பேருக்கு ஒரு டீச்சர் போதாது. வாரம் மூன்று, நான்கு பேருடைய எழுத்தைத்தான் அவரால் வரிவரியாகப் பார்க்க முடிகிறது, எனக்கு இரண்டாவது வாரம் வாய்ப்புக் கிடைத்தது, கடைசி வரைக்கும் கிடைக்காதவர்கள் ஐந்து பேராவது இருப்பார்கள். அவர்களும் அதே 3000 ரூபாய்தான் கொடுத்தார்கள். பத்து, பன்னிரண்டு பேரோடு நிறுத்தினால் நன்றாக இருக்கும், நேரிலும் சொன்னேன், யோசிப்பதாகச் சொன்னார். உதாரணங்கள் எல்லாம் வரலாறும் சமூகமும். முகாமைத்துவம் படிக்கிற ஒருவர் தனக்குப் பாதிதான் பொருந்துகிறது என்றார், விஞ்ஞானப் பிரிவில் ஆய்வுகூட அறிக்கை எழுதுகிறவர்களுக்கு இது தேவையே இல்லை, அவர்களுடைய அறிக்கைக்கு அமைப்பு வேறு. பதுளைப் பக்கம் இருந்து வருகிறவர்கள் ரயிலையோ பஸ்ஸையோ நம்பி 9 மணிக்கு வந்துசேர முடியாது, முதல் நாளே உறவுக்காரர் வீட்டில் தங்கித்தான் வந்தார்கள்.

பெரிய குறை உசாத்துணை, அதாவது எந்தக் கருத்தை எந்த நூலில் இருந்து எடுத்தோம் என்று முறையாகக் காட்டுவது. அதை நான்காவது ஞாயிற்றின் கடைசி முக்கால் மணித்தியாலத்தில் அடைத்துவிட்டார். அப்படிக் காட்டுகிற முறைகளில் ஒன்றான ஹாவர்ட் முறைக்கு ஒரு போட்டோ கொப்பித் தாள் கொடுத்தார், பழைய தாள், இணையப் பக்கங்களை எப்படிக் காட்டுவது என்று அதில் இல்லை. ஏபிஏ என்ற இன்னொரு முறையைக் கேட்கிற துறைகளில் இருந்து வந்தவர்களுக்கு "உங்கள் துறையின் வழிகாட்டியைப் பாருங்கள்" என்று முடித்துவிட்டார். பிறருடைய கருத்தைச் சொந்த வார்த்தையில் எழுதினாலும் யாருடையது என்று சொல்லியே ஆக வேண்டும் என்பது பல பேருக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது. இவ்வளவு முக்கியமானதைத் தொடக்கத்திலேயே அரை நாள் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சீட்டின் மூலையில் பக்க எண் குறிக்கப் பழக்கியது ஓரளவுக்குக் கைகொடுக்கிறது, ஆனால் அது மட்டும் போதாது. கணினியில் ஒரு கேள்வியைக் கொடுத்தால் கட்டுரையே எழுதித் தருகிறதே, அதைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். துறையின் விதி என்னவோ அதை மீறாதீர்கள், தாய் வாக்கியத்தை மட்டும் எவரிடமும் கடன் வாங்காதீர்கள் என்றார். இன்னும் கொஞ்சம் விரிவாகப் பேசியிருக்கலாம், எங்களுக்கு அது நாளாந்தப் பிரச்சினை.

நான்காவது நாளில் எனக்குப் பிடித்தது கவ்வாத்து, தேயிலைச் செடியை வெட்டிக் குட்டையாக்குகிற வேலையின் பெயர். எழுதி முடித்த கட்டுரையில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்கச் சொன்னார், கருத்து ஒன்றும் குறையாமல். தேயிலையை அப்படியே வளரவிட்டால் மரமாகிவிடும், கொழுந்து எட்டாது, அதனால்தான் சில வருடங்களுக்கு ஒருமுறை கத்தி வைக்கிறோம் என்றார். அந்த அறையில் யாருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை, எல்லோருடைய வீட்டிலும் அப்பாவோ தாத்தாவோ கவ்வாத்துக் கத்தி பிடித்தவர்கள். என் கட்டுரையில் 190 சொல் போனது. போன பிறகு வாசித்தால் எதுவுமே குறையாக இல்லை.

வகுப்பு முடிந்து நான் கொடுத்த முதல் ஒப்படைக்கு 64 வந்தது. அதற்கு அடுத்தது 61. முதல் வகுப்புச் சித்திக்கு இன்னும் போக வேண்டும், ஆனால் இப்போது புள்ளி ஏன் வருகிறது, ஏன் போகிறது என்று எனக்குத் தெரிகிறது. அதுதான் வேண்டியிருந்தது. கலண்டர் சீட்டு முறையை விடவில்லை. பரீட்சையில் சீட்டு வெட்ட முடியாது, அதனால் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் முதல் ஏழெட்டு நிமிஷம் தாய் வாக்கியமும் ஐந்தாறு தலை வாக்கியமும் எழுதிவிட்டு, முடிந்ததும் ஒரு கோடு போட்டு அடித்துவிடுகிறேன்.

போக நினைக்கிறவர்களுக்கு: அடுத்த குழுவை டிசம்பர் விடுமுறையில் தொடங்குவதாகச் சொன்னார். முன்பதிவு என்று ஒன்றும் கிடையாது, முதல் ஞாயிறு நேரத்தோடு போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். பொகவந்தலாவ, மஸ்கெலியாப் பக்கம் என்றால் காலை ஏழு மணிக்குள் பஸ் எடுத்துவிடுங்கள். குறைந்த புள்ளி வாங்கிய ஒரு பழைய கட்டுரையை, திருத்தியவரின் குறிப்புகளோடு, மறக்காமல் கொண்டுபோங்கள். வெட்கப்பட்டு வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள் இரண்டாவது வாரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பின்னால் உட்காராதீர்கள், மழை வந்தால் கேட்காது. ஒரு ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த மாடியில் ஜன்னல் ஒன்று மூடுவதில்லை.